இறைக்கும் முன் அளந்திருந்தால்: பிளாச்சிமடை நிலத்தடி நீர் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

கிணற்றில் நீர்மட்டம் அளப்பது விடியற்காலை வேலை. சுற்றுவட்டாரத்தில் மோட்டார்கள் ஓடத் தொடங்கிவிட்டால் கிடைப்பது கிணற்றின் மட்டம் அல்ல, அந்த நேரத்து இறைப்பின் மட்டம். இரும்பு நாடாவின் கடைசி ஒரு மீட்டருக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மெல்ல இறக்க வேண்டும். நனைந்த இடம் வரை சுண்ணம் கருத்துவிடும். கட்டைமேல் பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்து, கிணற்றுக் கட்டையின் உயரத்தையும் கழித்தால் தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். கட்டையைக் கழிக்க மறக்கிறவர்கள் உண்டு. ஒரு மாதம் ஒருவர் கட்டையைக் கழித்து, மறுமாதம் இன்னொருவர் அதைக் கழிக்காமல் விட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாமலே அறிக்கையில் கிணறு இரண்டரை அடி இறங்கிவிடும்.

தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இருபுறமும் ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் நிலத்தடி நீர் அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. மீனாட்சிபுரத்தைத் தாண்டி கன்னிமாரிப் பக்கம் ஒரு கிணற்றில் இப்படி நாடாவை இறக்கிக்கொண்டிருந்தபோது, குடத்தோடு நின்ற ஒரு பாட்டி கேட்டார்: “இத்தனை பேர் வந்து அளந்துகொண்டு போகிறீர்களே தம்பி, அந்த ஆலை வரும் முன்னால் ஒருவர் வந்து அளந்திருக்கக் கூடாதா?”

அவர் சொன்னது பிளாச்சிமடையின் கோகோ கோலா ஆலையை. அந்த வழக்கைப் பற்றி வந்த தீர்ப்புகளையும் குழு அறிக்கைகளையும் கட்டுக்கட்டாகப் படித்தவன் நான். அந்தக் கேள்வியை இத்தனை சுருக்கமாக வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நிலமும் நீரும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம், கேரளம் என்றதும் மனத்தில் எழும் பச்சைக்குப் பொருந்தாத ஊர். மழை மறைவுப் பகுதி. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 3000 மி.மீ.; இங்கே அதில் பாதி பெய்தால் நல்ல வருடம் என்பார்கள். கரிசல் மண்ணும் நிலக்கடலையும் உள்ள நிலம். பேச்சும் தமிழ்தான். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள் பேரம் தமிழில் நடக்கும். பிளாச்சிமடையில் வாழும் இரவாளர், மலசர் ஆகிய பழங்குடி மக்களின் வீட்டுப் பேச்சும் தமிழை ஒட்டியதே.

மேலே சில மீட்டர்களுக்குச் சிதைந்த பாறை, அதன் அடியில் கெட்டிப் பாறை, அதற்குள் அங்கங்கே வெடிப்புகள். திறந்த கிணறு குடிப்பது மேல் அடுக்கில், ஆழ்துளைக் கிணறு குடிப்பது வெடிப்புகளில். இரண்டும் வேறு வேறு தண்ணீர் என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அடியில் வெடிப்பை வற்றவைத்தால் மேலடுக்கின் நீர் மெதுவாக அதற்குள் இறங்கும். எவ்வளவு மெதுவாக என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால்தான் வழக்கு நடத்த முடிகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி (1970இல் கையெழுத்தானது) சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியே வர வேண்டும். மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாய்களில் அந்த நீர் ஓடும் மாதங்களில் பக்கத்துக் கிணறுகளும் ஏறும். கால்வாய் காய்ந்தால் கிணறும் இறங்கும். ஆகவே இந்தப் பக்கம் ஒரு கிணறு வற்றினால் அதற்கு மூன்று காரணம் சொல்லலாம்: மழை பொய்த்தது, கால்வாயில் நீர் வரவில்லை, பக்கத்தில் யாரோ இறைக்கிறார்கள். மூன்றையும் பிரித்துக் காட்டுவதுதான் நிலத்தடி நீர் அறிக்கையின் முழு வேலை.

நடந்தது

2000ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து, இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்துக்குக் குளிர்பான ஆலை நடத்த உரிமம் கொடுத்தது. சுமார் 34 ஏக்கர் நிலம். அதே ஆண்டு மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. ஆலை வளாகத்துக்குள் ஆழ்துளைக் கிணறுகளும் திறந்த கிணறுகளும் இருந்தன. அவற்றின் நீர்தான் மூலப்பொருள்.

இரண்டு ஆண்டுகளுக்குள் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் முறையீடு எழுந்தது. கிணறு இறங்குகிறது என்பது ஒன்று. தண்ணீரின் சுவை கெட்டுவிட்டது, பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, குளித்தால் உடம்பு எரிகிறது என்பது மற்றொன்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2007 ஜனவரியில் அவர் இறக்கும்போது ஆலை மூடிக் கிடந்தது, இழப்பீடு வந்திருக்கவில்லை.

2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் அறங்காவலர், அதை மிகையாக இறைப்பதைத் தடுக்கும் கடமை அரசுக்கும் பஞ்சாயத்துக்கும் உண்டு, தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் உண்டு. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி நியாயமாக எவ்வளவு இறைப்பாரோ அவ்வளவுதான் ஆலையும் எடுக்கலாம் என்பது அதன் சாரம்.

மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு வேறு பாதையில் போனது. கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையத்தை உள்ளிட்ட குழுவிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அதன் அறிக்கையை ஏற்று, மழை சரிவரப் பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று 2005 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பானது. தடுக்கும் சட்டம் இல்லாதவரை தன் நிலத்தடியில் உள்ள நீரை எடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது அதன் அடித்தளம். இதற்கிடையே 2004 மார்ச்சிலேயே உற்பத்தி நின்றிருந்தது. பிறகு அது தொடரவே இல்லை. உச்ச நீதிமன்றத்தில் பஞ்சாயத்தின் மேல்முறையீடு கிடந்தது கிடந்தபடி இருக்க, 2017 ஜூலையில், ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. நீர் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்விக்கு இந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதில் கிடைக்கவில்லை.

ஒரே கிணறுகள், ஒரே பாறை, ஒரே மழை. ஒரு தீர்ப்பு ஒரு விவசாயியின் அளவு என்றது, இன்னொன்று 5 லட்சம் லிட்டர் என்றது. சட்டக் கோட்பாட்டு வேறுபாடு என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள், சரிதான். என் தொழில் கண்ணுக்குத் தெரிவது வேறு. அளவு பற்றிய பேச்சு முழுவதும் ஆலை ஓடத் தொடங்கிச் சண்டை மூண்ட பிறகு திரட்டிய எண்களின்மேல் நின்றது. 2002, 2003 இரண்டும் மழை குறைந்த ஆண்டுகள். கிணறு இறங்கியதற்கு வானமே காரணம் என்று ஒரு தரப்பு சொல்ல முடிந்தது. இறைப்பே காரணம் என்று மறு தரப்பு சொல்ல முடிந்தது. எத்தனை லிட்டர் இறைத்தார்கள் என்பதிலேயே நிறுவனத்தின் கணக்குக்கும் போராடியவர்களின் கணக்குக்கும் மடங்குக் கணக்கில் வேறுபாடு. முத்திரையிட்ட ஒரு நீர்மானி முடித்து வைத்திருக்க வேண்டிய தகராறு அது.

யாரைக் குறை சொல்வது? 2000இல் உரிமம் கொடுத்தபோது, ஆலைக்கு முந்தைய நீர்மட்டத்தைப் பதிவு செய்யும்படி கட்டாயப்படுத்த மாநிலத்தில் நிலத்தடி நீர்ச் சட்டமே இல்லை. கேரள நிலத்தடி நீர் (கட்டுப்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது 2002இல். நடைமுறைக்கு வந்தது 2003 டிசம்பரில், பந்தல் போட்டு ஒன்றரை ஆண்டு கழித்து. அதன்கீழ் சித்தூர் பகுதி, இறைப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய ‘அறிவிக்கப்பட்ட பகுதி’யானது 2005 நவம்பரில். தமிழ்நாட்டுக்காரர்கள் சிரித்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கமும் 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினோம், ஒரு நாள்கூட நடைமுறைப்படுத்தாமல் 2013இல் அதை ரத்து செய்தோம். எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியோடு சட்டம் நின்றுவிடுகிறது. பாறை வெடிப்பு நிற்பதில்லை.

34 ஏக்கரும் 5 லட்சம் லிட்டரும்

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் என்பது 500 கன மீட்டர். ஆண்டுக்கு 1,82,500 கன மீட்டர். 34 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,37,600 சதுர மீட்டர். வகுத்தால் 1.33 மீட்டர். அதாவது அந்த நிலத்தின் மேல் 1,330 மி.மீ. உயரத்துக்குத் தேங்கி நிற்கும் நீர்.

மழை முழுவதும் மண்ணுக்குள் இறங்காது. சிதைந்த கருங்கல், நைஸ் வகைப் பாறையில், களி குறைவான இடத்தில், மழையில் 11 சதவீதம் இறங்கும் என்று மத்திய மதிப்பீட்டு முறையே எடுத்துக்கொள்கிறது. களி மிகுந்தால் 8. ஆண்டு மழையை 1,200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 11 சதவீதத்துக்கு 132 மி.மீ. தேவை 1,330. ஆகவே தன் 34 ஏக்கரில் இறங்கும் மழையைப் போலப் பத்து மடங்கை அந்த ஆலை எடுக்கும், சுமார் 340 ஏக்கரின் பங்கை. கால்வாய்க் கசிவு, வயலில் பாய்ச்சிய நீர் திரும்ப இறங்குவது ஆகியவற்றைச் சேர்த்தால் படம் கொஞ்சம் இளகும். ஆனாலும் மிச்ச முந்நூறு ஏக்கரில் யாருடைய கிணறு இருக்கிறது என்ற கேள்வி போகாது.

குழு அறிக்கை இப்படிப் பார்க்கவில்லை. அது பரந்த பகுதியின் வரவு செலவைப் பார்த்தது. அந்த முறையும் தவறில்லை. நாட்டின் எல்லா மதிப்பீடும் அப்படித்தான் நடக்கிறது. ஆண்டு வரவில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகை உறிஞ்சல். கேரளத்தில் இந்தக் கணக்கின் அலகு வட்டாரம். ஒரு வட்டாரத்தின் சராசரியில், ஆலை மதில் ஓரத்துக் குடியிருப்பின் ஒற்றைக் கிணறு எங்கே தெரியப்போகிறது? ஊர்ச் சந்தையின் சராசரி வருமானத்தைச் சொல்லி, கூடை விற்கிறவளிடம் வரி கேட்பது போன்றது அது.

தண்ணீரா, கசடா

தரம் பற்றிய பகுதியில் கதை இன்னும் சிக்கலானது. ஆலையின் கசடு உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அந்தக் கசடை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்து, அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக ஒலிபரப்பியது. அடுத்த மாதம் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் கசடில் காட்மியம் கிலோவுக்கு 201.8 மில்லிகிராம் என்று வந்தது. அபாயக் கழிவு என்று வகைப்படுத்தும் எல்லை 50.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கசடில் உலோகம் இருப்பது ஒன்று. அது கிணற்று நீருக்கு வந்து சேர்வது வேறு. கடினத்தன்மையும் உப்பும் கூடியதாக மக்கள் சொன்னது மூன்றாவது. மூன்றையும் ஒரே ‘மாசு’ என்ற சொல்லுக்குள் போட்டதால், ஒன்றை மறுத்தால் மூன்றையும் மறுத்ததாகிவிட்டது. குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, காட்மியத்துக்கு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01 என்று வரம்பு வைக்கிறது. மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்கது 200, வேறு நீர் இல்லாதபோது 600. கிழக்குச் சித்தூரின் பாறையில் இயற்கையாகவே ஃபுளோரைடு உண்டு. கடின நீரும் புதிதில்லை. ‘முன்பே அப்படித்தான்’ என்று ஆலைத் தரப்பு சொன்னால் அதைப் பொய் என்று காட்ட 1999ஆம் ஆண்டின் ஒரு பாட்டில் தண்ணீர்ச் சோதனை வேண்டும். பருப்பு முன்பு வெந்தது என்று ஆயிரம் பேர் சொன்னாலும் ஆய்வகத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. என்னைக் கேட்டால், பருப்பு வேகாதது நல்ல சாட்சியம். கால்சியமும் மக்னீசியமும் கூடினால் நடப்பது அதுவே. அதைப் பதிவு செய்யத் தெரியாதது அறிக்கை எழுதுகிறவர்களின் குறை.

முன்-அளவு இல்லாததன் விலை கடைசியில் ரூபாயில் வந்தது. மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலித்துக் கொடுக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மசோதா விழுந்ததற்கு அரசியல் சட்டக் காரணங்கள் தனி. ஆனால் ஒவ்வொரு வீட்டின் இழப்பிலும் ஆலையின் பங்கு எவ்வளவு, வறட்சியின் பங்கு எவ்வளவு என்று எந்தத் தீர்ப்பாயம் அமர்ந்தாலும் முதல் நாளே கேட்டிருக்கும்.

இன்றைய தாள்கள்

இன்று நிலைமை மாறிவிட்டதா? தாளில் மாறியிருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1997இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைந்தது. அதன் 2020 செப்டம்பர் வழிகாட்டுதல்கள்தான் இப்போது எங்கள் தொழிலின் அளவுகோல். கேரளம் தன் சட்டப்படி தன் ஆணையத்தை வைத்து நடத்தினாலும், எல்லா ஆலோசகரும் திறந்து பார்ப்பது இதைத்தான். இறைக்கும் கிணற்றில் டிஜிட்டல் நீர்மானி, நீர்மட்டத்தைக் கண்காணிக்கத் தனியாக ஒரு பீசோமீட்டர் குழாய், ஆண்டுக்கொரு தரச் சோதனை, நாளொன்றுக்கு 100 கன மீட்டருக்கு மேல் எடுத்தால் ஆண்டுதோறும் நீர்த் தணிக்கை. மிகை உறிஞ்சல் பகுதியில் புதிய பாட்டில் தண்ணீர் ஆலைக்கு, சிறுதொழிலாக இருந்தாலும், அனுமதி கிடையாது. பீசோமீட்டரின் ஆழமும் நீரடுக்கும் இறைக்கும் கிணற்றினுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒற்றை வரி மிக முக்கியமானது.

எல்லைக்கு அருகில் ஓர் ஆலை; பெயர் வேண்டாம். முந்தைய ஆலோசகரின் பதினோரு மாத அறிக்கைகளைக் கையில் கொடுத்தார்கள். பதினோரு மாதமும் நீர்மட்டம் 18.40 மீட்டர். பங்குனியிலும் 18.40, ஐப்பசி அடைமழையிலும் 18.40. பீசோமீட்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். காவலாளி முட்செடியை விலக்கிக் காட்டினார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது; சாவியால் தட்டித் திறந்தால் வாயில் சிலந்தி வலை. நாடா 58 மீட்டரில் தரை தட்டியது. இறைக்கும் கிணறோ 240 மீட்டர். மேலடுக்கைக் காட்டும் குழாயை வைத்துக்கொண்டு ஆழ்வெடிப்பு நலமாக இருப்பதாக மாதாமாதம் எழுதியிருக்கிறார்கள், அதையும் அளக்காமலே.

தரச் சோதனைத் தாளையும் புரட்டினேன். பார்க்க அழகான தாள். இம்மாதிரித் தாளில் நான் முதலில் செய்வது, நேர்மின் அயனிகளையும் எதிர்மின் அயனிகளையும் தனித்தனியே கூட்டுவது. தண்ணீர் மின்சுமையற்றது, இரண்டு கூட்டலும் ஒத்துப்போக வேண்டும், ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். அந்தத் தாளில் ஒரு பக்கம் 14.2, மறுபக்கம் 9.8. வித்தியாசத்தை இரண்டின் மொத்தத்தால் வகுத்தால் பதினெட்டு சதவீதம். அப்படி ஒரு தண்ணீர் உலகத்தில் இல்லை. பிழையாகச் சோதித்திருக்கலாம், சோதிக்காமலே நிரப்பியிருக்கலாம். எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த அலுவலகமும் அதைத் திருப்பி அனுப்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கூட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மாதிரி எடுப்பதிலும் இதே கதை. குழாயில் தேங்கிய பழைய நீரை ஓடவிட்டு, மின்கடத்துத்திறன் நிலைத்த பிறகே பாட்டிலைப் பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலச் சொட்டுகள் விடாவிட்டால் ஈயமும் காட்மியமும் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்துவிடும். கண்டறியப்படாமல் இருக்க இத்தனை சுலபமான வழி இருக்கும்போது மேலதிகச் சூழ்ச்சி எதற்கு?

அறிக்கைகள் ஆங்கிலத்தில் போகின்றன. பஞ்சாயத்து அறிவிப்பு மலையாளத்தில் வருகிறது. கிணற்றின் சொந்தக்காரர் தமிழில் கேட்கிறார். நான் இப்போது ஒவ்வொரு அறிக்கையோடும் ஒற்றைப் பக்கத் தமிழ்த் தாள் ஒன்று வைக்கிறேன்: எந்தக் கிணறு, எந்தத் தேதி, தரையிலிருந்து எத்தனை அடி, போன வருடம் இதே மாதம் எத்தனை அடி. கூடவே, ஆலையிலிருந்து வெகுதூரத்தில், அதே பாறையில், அதே மழையில் உள்ள ஒரு கிணற்றின் அளவு. இரண்டும் சேர்ந்து இறங்கினால் வானத்தைக் கேட்கலாம். ஒன்று மட்டும் இறங்கினால் ஆலையைக் கேட்கலாம். வாடிக்கையாளர்களில் இருவர் அந்தத் தாளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒருவர் வேலையையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பாட்டியிடம் முன்பு தண்ணீர் எதுவரை நின்றது என்று அன்றைக்கே கேட்டேன். அவர் மீட்டரும் சொல்லவில்லை, அடியும் சொல்லவில்லை. கிணற்றின் உள்சுவரில் இறங்கும் கற்படிகளைக் கையால் காட்டினார். அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் சித்திரையில்கூட ஆறாவது படி நனைந்திருக்குமாம். எட்டாவது படி வெளியே தெரிந்தால் குடிநீருக்கு மட்டும் என்று ஊரே முடிவெடுத்துத் துணி துவைப்பதை நிறுத்திவிடுமாம். நான் இறங்கிப் படியின் உயரத்தை அளந்தேன்: ஒவ்வொன்றும் 27 சென்டிமீட்டர், ஒன்று மட்டும் உடைந்து 22.

ஆணையத்தின் படிவத்தில் படிக்குக் கட்டம் இல்லை. குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. சென்ற சித்திரையில் அதில் எழுதினேன்: காலை 5.40, மோட்டார் எதுவும் ஓடவில்லை, பதினோராவது படி.